கொசு உள்ளானின் வடக்கு

கலியமூர்த்தியால் உட்கார முடியாது. மடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

சேர்ந்த புதிதில் அவரும் முயன்று பார்த்தார். கண்ணை மூடிய சிறிது நேரத்தில் கால் பெருவிரல் ஆடத் தொடங்கும். பிறகு முழங்கால் ஆடும். பிறகு ஆளே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். குரு அதைப் பார்த்தார். மற்றவர்கள் தியானத்தில் இருக்கும் நேரத்துக்கு அவருக்கு மட்டும் நடக்கிற வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். ஊருக்குள் போய்க் குடிதண்ணீர் கொண்டுவருவது, வேலிக்கு முள் வெட்டுவது, உப்பளத்து வரப்பில் சுள்ளி பொறுக்குவது.

மடம் என்று சொல்கிறார்களே தவிர அது பழைய உப்புக் கிடங்கு. வேதாரண்யத்துக்குத் தெற்கே, சதுப்பும் உப்பளமும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, ஏழெட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். குருவின் பெயர் வேதவல்லி. கலியமூர்த்தியைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு காலத்தில் இதே சதுப்பில் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் ஆராய்ச்சி வேலையில் இருந்தவர். அதை ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை.

கலியமூர்த்தி இதற்கு முன் இருந்த இடங்களை வரிசையாகச் சொன்னால் ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி, சூரத்தில் துணிக்கடை, விசாகப்பட்டினத்தில் படகு பழுது பார்க்கும் பட்டறை, பழனியில் ஒரு மடம், திருவண்ணாமலையில் இரண்டு மடம். திருத்துறைப்பூண்டியில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பணம் போகும். ஆள் போகமாட்டார்.

சித்திரையில் ஒருநாள் காலை, சமையல் பார்க்கும் அஞ்சம்மாள் மடத்துக் கைபேசியை நீட்டினாள்.

"சாமி, உங்க வீட்டம்மா. நின்னு பேசுங்க. நடந்துக்கிட்டே பேசிப் போனை உப்பளத்துல போட்டுடாதீங்க."

கலியமூர்த்தி வாங்கிக்கொண்டு நடந்தார்.

"பொற்கொடிக்கு வேலை வந்திருக்கு," என்றாள் வாசுகி.

"நல்லதுதானே."

"எந்த ஊர்னு கேளுங்க. அஸ்ஸாம். என்ன வேலைன்னும் கேளுங்க. ரயில் ஓட்டற வேலை. உதவி டிரைவராம்."

கலியமூர்த்தி நின்றுவிட்டார். அஞ்சம்மாள் அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்க அப்பா ஓடினாரு. நீங்க ஓடினீங்க. இவ ஓடறதையே உத்தியோகமா வாங்கிட்டு வந்திருக்கா. ரத்தம்னா சும்மாவா?"

"நான் என்ன செய்யணும் வாசுகி?"

"நாளன்னைக்கு அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அப்பா சொன்னா போகலைங்கறா."

குரு தொட்டியில் வளர்த்திருந்த கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி போய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்தார்.

"சொல்லுங்க," என்றார் குரு, திரும்பாமல்.

"ஓடற குணம் ரத்தத்துல வருமாம்மா?"

"கேக்கறது யாரு? மகனா, தகப்பனா?"

கலியமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேரும்தான்."

"உள்ளான் எப்படி இருக்கு?"

கேள்வி தன் கேள்விக்குப் பதிலாக வந்ததா, பேச்சை மாற்ற வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளானைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவருடையதுதான்.

மாசி மாதத்தில் உப்பளத்து ஆட்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். கொசு உள்ளான் என்பார்கள். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். குளிர்காலத்தில் சதுப்பு முழுக்க அதுதான். சேற்றில் மூக்கைக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருக்கும். மீன்வலையின் கிழிசலில் சிக்கி இறக்கை விலகிப்போயிருந்தது. குரு இறகைப் பிரித்துப் பார்த்து, "இந்த வருஷத்துக் குஞ்சு. முதல் தடவையா வந்திருக்கு," என்றார். அஞ்சம்மாள் தன் கோழிப் பஞ்சாரத்தைக் கொடுத்தாள். இடுக்கு வழியே பறவை வெளியேறிவிடாமல் கலியமூர்த்தி அதைச் சுற்றிக் கொசுவலைத் துணி கட்டினார். சேற்றுப்புழு பொறுக்கிவந்து போட்டார். பங்குனி முடிவதற்குள் இறக்கை கூடிவிட்டது. சாம்பலாக இருந்த முதுகு செம்பழுப்பாக மாறத் தொடங்கியது. உடம்பு பெருத்தது.

"ரெண்டும் ஒரே இனம்," என்று அஞ்சம்மாள் சொல்வாள். "ஒண்ணைப் பஞ்சாரத்துல போட்டாச்சு. இன்னொண்ணுக்கு அளவா பஞ்சாரம் அகப்படல."

கலியமூர்த்தி குருவிடம், "நல்லா தின்னுது. ஆனா ரெண்டு மூணு நாளா சாயங்காலம் ஆனா அடிச்சிக்குது. ஏதோ உடம்பு சரியில்ல போல," என்றார்.

"இன்னைக்கு சாயங்காலம் அது பக்கத்துல உக்காந்து பாருங்க."

"உக்காரவா?"

"சரி, நின்னு பாருங்க."

நின்று பார்த்தார். பொழுது சாயும்வரை பறவை புழு தின்றது, இறகு கோதியது. வெளிச்சம் மங்கியதும் தலையைத் தூக்கியது. பிறகு எகிறத் தொடங்கியது. எகிறும், துணியில் மோதும், விழும், எழுந்து மறுபடி எகிறும். கலியமூர்த்திக்குத் தன் கால் பெருவிரல் ஆடுவது தெரிந்தது.

ஒரு விஷயம் கவனித்தார். மோதுவது எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தில் சதுப்பு தெரிந்தது. ஓ, தண்ணியைப் பார்த்துத்தான் துடிக்கிறது என்று நினைத்தார். பஞ்சாரத்தைத் திருப்பி வைத்தார். பறவை உள்ளே திரும்பிக்கொண்டு பழைய பக்கத்திலேயே மோதியது. கோரைப்பாயை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை மறைத்தார். பாயில் மோதியது. பஞ்சாரத்தோடு தூக்கிக்கொண்டு போய் நெல் வைக்கிற அறையில் வைத்தார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீரும் தெரியாது, வானமும் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். சத்தம் வந்த பக்கம் எது என்று அவருக்குப் புரிந்தது. சிம்னி விளக்கோடு உள்ளே போய்ச் சரிபார்த்தார்.

அப்போது குரு வந்தார்.

"எந்தப் பக்கம்?"

"வடக்கு," என்றார் கலியமூர்த்தி. "அறைக்குள்ள வச்சாலும் வடக்கு. பாயைப் போட்டு மறைச்சாலும் வடக்கு."

"அது பொறந்த இடம் அங்கதான். சைபீரியாவுல, பனி உருகற நாடு. கிளம்பற காலம் வந்துடுச்சு."

"யாரு சொன்னா அதுக்கு?"

"யாரும் சொல்லல."

"வரும்போது தாய் தகப்பன் கூட்டிக்கிட்டு வந்திருக்கும்ல?"

"இல்ல. பெரிசெல்லாம் முன்னாடியே கிளம்பிடும். ஆடி கடைசியிலேயே இங்க வந்து இறங்கிடும். குஞ்சுங்க அப்புறம் தனியா கிளம்பி வரும், ஆவணி புரட்டாசியில. வழி காட்ட ஒரு பறவை கூட வராது. மலை, பாலைவனம் எல்லாம் தாண்டி வரும்."

"வழி எப்படித் தெரியும்?"

"பொறக்கும்போதே திசை உள்ள இருக்கு."

கலியமூர்த்தி விளக்கைக் கீழே வைத்தார்.

"அப்ப ரத்தம்தான்."

"ம்," என்றார் குரு.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று கலியமூர்த்தி காத்திருந்தார். குரு விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு எழுத்து கலியமூர்த்திக்குப் போதுமானதாக இருந்தது. பாதி ஆறுதல், பாதி தண்டனை. தான் ஓடியது தன் குற்றமில்லை என்று ஆயிற்று. மகளுக்கு அதைக் கொடுத்தது மட்டும் தான்தான் என்றும் ஆயிற்று. வேலிக்கும் கிணற்றுக்குமாக நடந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வேறு வழி தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தானும் இங்கிருந்து கிளம்பிவிடலாம். ராமேசுவரத்தில் ஒரு மடம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

சொன்னபடி வாசுகி வந்தாள். பகல் பஸ்ஸில் இறங்கி, உப்பளத்து வெயிலில் குடையோடு நடந்து வந்தாள். பின்னால் பொற்கொடி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கலியமூர்த்தி கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடப் பை சுமந்துகொண்டிருந்தவள்.

"வா பாப்பா," என்றார்.

அஞ்சம்மாள் மோர் கொடுத்தாள். வாசுகி குடித்து முடிக்கவில்லை, தொடங்கிவிட்டாள்.

"சொல்லுங்க. சாயங்கால பஸ்தான் கடைசி. அதுல நாங்க போகணும்."

"வாசுகி, ஒண்ணு காட்டறேன், வா."

பஞ்சாரத்தைக் காட்டினார். வடக்கைக் காட்டினார். நெல் அறையில் வைத்துப் பார்த்ததைச் சொன்னார். "பாத்தியா? யாரும் சொல்லிக் குடுக்கல. ரத்தத்துலயே இருக்கு. நீ சொன்னது சரிதான்."

வாசுகி பறவையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க பறவையா?"

"இல்ல, அதாவது..."

"பறவைக்கு ரேஷன் கார்டு இருக்கா? பறவை பொண்டாட்டிக்குத் தாலி கட்டியிருக்கா? இத்தனை வருஷம் கழிச்சு ஒரு குருவியைக் காட்டிக் கணக்கை முடிக்கிறீங்க?"

"நான் நியாயம் சொல்லல வாசுகி. காரணம் சொல்றேன்."

"காரணம் எனக்கு வேணாம். இவகிட்ட வேணாம்னு சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

கலியமூர்த்தி மகள் பக்கம் திரும்பினார். பொற்கொடி பஞ்சாரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பாப்பா என்கிட்ட விட்டுட்ட? உங்க அம்மாதானே உன்னை வளர்த்தா."

"அம்மா வேணாம்னா அது பயம்," என்றாள் பொற்கொடி. "நீங்க வேணாம்னா அது தெரிஞ்சு சொல்றது. ஓடிப் பாத்தவங்க நீங்கதானே."

"நான் சொன்னா கேப்பியா?"

"கேப்பேன். சின்ன வயசுலேர்ந்து நீங்க எதையுமே எனக்கு வேணாம்னு சொன்னதில்ல. சொல்றதுக்கு வீட்ல இருந்ததில்ல. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சென்னையில ரயில் ஏறணும். நீங்க வேணாம்னா ஏறல."

"வேணா..." என்று தொடங்கினார் கலியமூர்த்தி.

"முழுசா சொல்லுங்கப்பா. பாதி வார்த்தைக்கெல்லாம் நான் கட்டுப்பட மாட்டேன்."

முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "இதைத்தான் சொல்றேன்," என்று பின்னாலிருந்து வாசுகி சொன்னது கேட்டது.

வாசலில் குரு நின்றார். கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. பறவைகளைப் பிடித்துப் போட அந்தக் காலத்தில் அவர்கள் வைத்திருந்த பை.

"குடத்தை வச்சிட்டு உள்ளானை இதுல போட்டுக் கொண்டாங்க. விட்டுட்டு வரலாம்."

"இப்பவா அம்மா? அங்க ரெண்டு பேரும்..."

"அவங்க மோர் குடிக்கட்டும்."

இருவரும் வரப்பில் நடந்தார்கள். பைக்குள் பறவை துடித்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். சதுப்பை நெருங்குகிற இடத்தில் ஒரு இறால் குட்டை வந்தது. கரையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நீரைச் சக்கரம் அடித்து நுரை ஆக்கிக்கொண்டிருந்தது. குரு அங்கே நின்றார்.

"இந்தக் குட்டை வெட்டறதுக்கு முன்னாடி இங்க சேறு. முழங்கால் சேறு. நான் வேலையில சேந்த புதுசுல ஒரு கொசு உள்ளான் குஞ்சுக்கு இங்கதான் வளையம் மாட்டினேன். அடுத்த வருஷம் வலையில விழுந்தது. அதே வளையம். அதுக்கு அடுத்த வருஷமும் இதே இடம். ஆயிரக்கணக்கான மைல் வடக்க போயிட்டு, இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்கும் நடுவுல வந்து இறங்கும். பக்கத்துச் சேத்துல கூட இறங்காது."

"அதுவும் பொறக்கும்போதே உள்ள இருக்குமா?"

"எப்படி இருக்கும்? சைபீரியாவுல முட்டைக்குள்ள இருக்கறப்போ வேதாரண்யத்துச் சேறு தெரியுமா? திசைதான் உள்ள இருந்தது. தெக்க வந்துச்சு. எங்கெங்கியோ இறங்கியிருக்கலாம். இங்க இறங்குச்சு. புழு கிடைச்சுது. யாரும் விரட்டல. வந்த குஞ்சு இருந்துடுச்சு. அடுத்த வருஷம் அதைத் தேடி வந்துச்சு."

"குட்டை வெட்டின வருஷம்?"

"வந்தது. நான் இங்கதான் நின்னேன். மேல சுத்திச்சு. இறங்கப் பாக்கும், ஏறிக்கும். மறுபடியும் சுத்தும். இருட்டற வரைக்கும் சுத்திச்சு. அப்புறம் நான் அதைப் பாக்கல."

கலியமூர்த்தி குட்டைக்கு மேலே வானத்தைப் பார்த்தார்.

"உங்க அப்பா போனவர் போனவர்தானா?" என்று கேட்டார் குரு. "வரவே இல்லையா?"

கலியமூர்த்தி நடக்கத் தொடங்கினார். குரு நடக்கவில்லை. அவர் திரும்பி வர வேண்டியதாயிற்று.

"ஒரு தடவை வந்தாரு," என்றார். "நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். பம்பாய்ல இருக்காருன்னாங்க, செத்துட்டாருன்னாங்க. பல வருஷம் ஒரு தகவலும் இல்ல. பெரியவங்கல்லாம் உக்காந்து பேசி, செத்தவருன்னே வச்சிக் காரியம் பண்ணிட்டாங்க. எனக்கு மொட்டை போட்டாங்க. எங்க அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் ஒருநாள் மத்தியானம் வந்து நிக்கறாரு."

"ம்."

"பெரியப்பா வாசல்லயே மறிச்சிட்டாரு. காரியம் முடிஞ்ச ஆளை உள்ள விடக்கூடாது, வீட்டுக்கு ஆகாதுன்னுட்டாரு. அய்யரைக் கேட்டு ஏதோ சாந்தி பண்ணணும், நாள் பாக்கணும், அதுவரைக்கும் கோயில் மண்டபத்துல இருன்னாரு. எங்க அம்மா கதவுக்குப் பின்னாடி நிக்குது. வெள்ளைப் புடவையோட எப்படி வெளிய வரும்? அத்தை ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து கீழ வச்சுது. குடிச்சாரு. என்னைப் பாத்தாரு. என் தலையில முடி வளந்திருந்துச்சு. போயிட்டாரு."

"அப்புறம்?"

"அத்தை அந்தச் சொம்பை உள்ள எடுத்துக்கல."

குரு நடக்கத் தொடங்கினார்.

"நானும் வந்திருக்கேம்மா," என்றார் கலியமூர்த்தி. "சூரத்துலேர்ந்து, விசாகப்பட்டினத்துலேர்ந்து, எத்தனையோ தடவை. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன். டீ குடிப்பேன். வீட்டுக்குக் கூப்பிடு தூரம். அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்."

"ஏன்?"

"ஒருவேளை எனக்கும் முடிச்சிருப்பாங்களோன்னு."

"மாசாமாசம் பணம் அனுப்பற ஆளுக்கு யாருங்க காரியம் பண்ணுவா?"

கலியமூர்த்தி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

சதுப்பின் விளிம்பில் குரு பையை வாங்கிப் பறவையை வெளியே எடுத்தார். இரண்டு விரல்களுக்கு நடுவில் அதன் கழுத்து இருந்தது. இறக்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் திறந்தார். உள்ளான் தாழப் பறந்து போய்ச் சேற்றில் இறங்கியது. மற்ற உள்ளான்களோடு சேர்ந்து மூக்கைக் குத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"வடக்க போகலையே?" என்றார் கலியமூர்த்தி.

"பசிக்குதுல்ல."

திரும்பி வந்தபோது பொழுது இறங்கிவிட்டிருந்தது. வாசுகி குடையோடு தயாராக நின்றாள். பொற்கொடி அஞ்சம்மாளிடம் ரயில் என்ஜினில் பிரேக் எங்கே இருக்கும் என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிரேக்குன்னு ஒண்ணு இருக்குதா அதுல?" என்று அஞ்சம்மாள் கேட்டாள். "உங்க அப்பாவுக்கு வைக்காம விட்டுட்டாங்க பாரு."

பொற்கொடி அப்பாவைப் பார்த்து நிறுத்தினாள்.

"போ பாப்பா," என்றார் கலியமூர்த்தி.

"முழுசா?"

"முழுசா. வெள்ளிக்கிழமை ரயில் ஏறு."

வாசுகியின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"இதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"வாசுகி, போனா என்ன? திரும்பி வர ஒரு வாசல் இருந்தா..."

"ரத்தம் ரத்தத்துக்குத்தான் பரிஞ்சு பேசும். எனக்குத்தான் புத்தி இல்ல." அவள் அழவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது. "சரி, போகட்டும். எல்லாரும் போங்க. நான் மட்டும் அந்த வீட்ல யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்? யாரு வந்து கதவைத் தட்டுவான்னு இத்தனை வருஷம் காலி பண்ணாம வச்சிருந்தேன்? இவ ரயில் ஏறின மறுநாள் சாவியை வீட்டு ஓனர்கிட்ட குடுத்துட்டு மன்னார்குடிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம் தருவாங்க. எனக்கு அது போதும்."

"அம்மா," என்றாள் பொற்கொடி.

"நீ பேசாத. உனக்குத்தான் ஊர் கிடைச்சிடுச்சே."

பஸ் நிற்கிற இடம் உப்பளத்து வரப்பு போய் முடிகிற தார்ச்சாலை ஓரம். குருவும் வழியனுப்ப வந்தார். வாசுகி யாரோடும் பேசவில்லை. குருவைப் பார்த்து மட்டும் கைகூப்பினாள். கலியமூர்த்தி சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொற்கொடி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, கொஞ்சம் நில்லுங்க, தலை சுத்துது," என்றாள். அவர் நின்றார். அவள் குனிந்து காலைத் தொட்டாள். என்ன சொல்லி ஆசீர்வாதம் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையில் கை வைத்தார். எடுக்க மறந்துவிட்டார்.

தெற்கிலிருந்து பஸ் வந்தது. உப்பளத்து ஆட்கள் இறங்கினார்கள். வாசுகி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொற்கொடி படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கையை ஆட்டவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி குருவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அவ திரும்பி வருவாளாம்மா?"

"வருவா," என்றார் குரு. "எங்க வரணும்?"

வாசுகி திருப்பிக் கொடுக்கப்போகிற வீட்டுச் சாவி கலியமூர்த்திக்கு நினைவு வந்தது. ஜன்னலில் வாசுகியின் பின்னந்தலை தெரிந்தது. பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, காலியாக இருந்த கீழ்ப்படியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.